சீம்பாலும் முதல் சில நாள் தாய்ப்பாலும்: வேலூர்ப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் கொடுக்கச் சொல்லித்தருகிற வேலையில் இருப்பதால், வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு என்று எந்த ஊர்க்காரர் வந்தாலும் கிட்டத்தட்ட அதே கேள்விகள்தான் என் காதில் விழுகின்றன. பாதி நேரம் கேட்பவர் தாயே இல்லை. கூட வந்திருக்கும் ஆயா, மாமியார், வராண்டாவில் பிளாஸ்க்கோடு நிற்கும் வீட்டுக்காரர். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

சீம்பால்னா இன்னா? அது மாட்டுக்குத்தானே வரும்?

மனுஷிக்கும் வரும். கர்ப்பத்தின் நடு மாதங்களிலேயே மார்பில் ஊறத் தொடங்கிவிடும். எட்டாம் மாதத்தில் சிலருக்கு ஜாக்கெட்டில் மஞ்சள் கறை படிவது அதனால்தான். பெரும்பாலும் கெட்டியாக, மஞ்சளாக இருக்கும். சிலருக்குத் தெளிவாக, தண்ணீராகவும் வரும். இரண்டும் நல்ல பால்தான். முதல் இரண்டு மூன்று நாளுக்கு இது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறி, இரண்டு வாரத்தில் வழக்கமான பாலாகிவிடும்.

இதில் கொழுப்பு குறைவு, புரதமும் வைட்டமின் ஏ-யும் அதிகம். கிருமியைக் குடல் சுவரில் ஒட்டவிடாமல் தடுக்கும் எதிர்ப்புப் பொருளும் (இம்யூனோகுளோபுலின் ஏ) நிறைய இருக்கிறது. குழந்தையின் முதல் மலம், அந்தக் கரும்பச்சைப் பிசின், வெளியே போகவும் சீம்பால் உதவும்.

மஞ்சளா கெட்டியா வருது. கெட்ட பாலு, பீச்சி ஊத்திடுன்னு ஆயா சொல்றாங்க. ஊத்திடட்டுமா?

வேண்டாம். ஒரு சொட்டுகூட வீணாக்க வேண்டாம். கெட்டியாக இருப்பது கெட்டுப்போனதால் அல்ல, சத்து செறிந்திருப்பதால். மாடு கன்று போட்டால் அந்தச் சீம்பாலை வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சி, பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்துவிடுகிற ஊர் இது. பெற்றவளின் சீம்பாலை மட்டும் துணியில் பிழிந்து போடுவது எனக்கு இன்றுவரை புரியாத கணக்கு.

ஆயாவோடு நீங்கள் வாக்குவாதம் செய்ய வேண்டாம். பச்சை உடம்புக்காரிக்கு அந்தச் சண்டை தேவையில்லை. நர்சம்மாவிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லி, அவரையே ஆயாவிடம் பேசச் சொல்லுங்கள்.

பொறந்து எவ்ளோ நேரத்துல பால் குடுக்கணும்?

ஒரு மணி நேரத்துக்குள். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதுதான். நன்றாகத் துடைத்த குழந்தையைத் தாயின் வெறும் மார்பின் மேல் போட்டு, மேலே ஒரு துணியைப் போர்த்திவிட்டால் போதும். கொஞ்ச நேரத்தில் அதுவே தலையை ஆட்டி, வாயைத் திறந்து, மார்பைத் தேட ஆரம்பிக்கும். முதல் ஒரு மணி நேரம் குழந்தை நல்ல விழிப்பாக இருக்கும். அதை விட்டால் நீண்ட தூக்கத்துக்குப் போய்விடும். எடை பார்ப்பதும் சொந்தக்காரர்களுக்குப் போட்டோ எடுப்பதும் அப்புறம் ஆகட்டும்.

ஆபரேஷன் பண்ணி எடுத்தா பால் வராதாமே?

வரும். வயிற்றைக் கிழித்ததற்கும் மார்பில் பால் ஊறுவதற்கும் நேர் சம்பந்தம் இல்லை. முதுகில் ஊசி போட்டுச் செய்யும் ஆபரேஷனில் தாய் முழித்துக்கொண்டுதான் இருக்கிறாள், உடனே கொடுக்கலாம். எழுந்து உட்கார முடியாவிட்டால் பக்கவாட்டில் படுத்துக் கொடுக்கலாம். உட்கார முடிந்தபின் குழந்தையைக் கக்கத்துக்கு அடியில், கால் பின்பக்கம் போகிற மாதிரி பிடித்தால் தையலில் படாது.

பால் பெருகுவது சிலருக்கு ஒரு நாள் தள்ளிப்போகலாம். அதற்கு ஒரு காரணம், குழந்தையைத் தாயிடம் கொண்டுவரவே பல மணி நேரம் ஆவது. தியேட்டரிலிருந்து வார்டுக்கு வந்ததும் கேட்டு வாங்கி மார்பில் போடுங்கள். வலி மாத்திரை பாலைக் கெடுக்கும் என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் கொடுப்பது பால் கொடுப்பவர் என்று தெரிந்து கொடுப்பதுதான்.

பால் இறங்கவே இல்ல. பீச்சினா ரெண்டு சொட்டுதான் வருது. கொழந்தைக்கு எப்படிப் பத்தும்?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். முதல் நாளில் ஒரு வேளைக்குக் குழந்தை குடிப்பது சுமார் 2 முதல் 10 மில்லி. ஒரு டீஸ்பூன் 5 மில்லி என்று வைத்துக்கொண்டால் கணக்கு புரியும். இரண்டாம் நாள் 5 முதல் 15, மூன்றாம் நாள் 15 முதல் 30 மில்லி என்று ஏறும். குழந்தையின் வயிறும் அதே வேகத்தில்தான் விரிகிறது. நாம் பால் டப்பாவில் போட்டிருக்கும் அளவைப் பார்த்துப் பயப்படுகிறோம்.

நஞ்சுக்கொடி வெளியே வந்தபின் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இறங்கும். அது இறங்கியதும் பால் பெருக ஆரம்பிக்கும். மார்பு கனத்துப் பால் நிறைய வருவதற்கு இரண்டிலிருந்து ஐந்து நாள் வரை ஆகலாம், பலருக்கு மூன்றாம் நாள். அதுவரை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குழந்தையைச் சப்ப விடுங்கள். சப்பச் சப்பத்தான் ஊறும். இந்த இடைவெளியில் சங்கில் பவுடர் பால் போனால், வயிறு நிறைந்த குழந்தை மார்பைச் சப்பாது. சப்பாவிட்டால் ஊறாது. 'பால் பத்தல' என்ற பயம் கடைசியில் நிஜமாகிவிடும்.

கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும் என்றால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கொதிக்க வைத்து ஆறின ஒரு ஸ்பூனை எடுங்கள். காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் ஓரத்தில் பெருவிரலை மேலேயும் ஆள்காட்டி விரலைக் கீழேயும் வையுங்கள். முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து, விடுங்கள். காம்பைப் பிடித்து இழுக்க வேண்டாம். முதல் ஒன்றிரண்டு நிமிடம் ஒன்றும் வராது. அப்புறம் தேன் நிறத்தில் ஒரு துளி காம்பின் நுனியில் தங்கி நிற்கும், அது விழுவதற்குள் இன்னொன்று பக்கத்தில் வரும். ஸ்பூனின் பள்ளம் மூடினாலே ஒரு வேளைக்கு ஆச்சு.

அப்போ பத்துதா பத்தலயான்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

ஒண்ணுக்குத் துணியை எண்ணுங்கள். முதல் நாள் ஒரு தடவையாவது, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று. ஐந்தாறு நாளானபின் தினம் ஆறுக்கு மேல். மலம் கறுப்பிலிருந்து பச்சையாகி, நான்கைந்து நாளில் மஞ்சளாக மாற வேண்டும். முதல் இரண்டு மூன்று நாளில் துணியில் செங்கல் பொடி மாதிரி கறை தெரிந்தால் ரத்தம் என்று அலற வேண்டாம், அது சிறுநீரில் வரும் யூரேட் உப்பு. நாலாம் நாளுக்கு மேலும் அந்தக் கறை இருந்தால் பால் போதாமல் இருக்கலாம், காட்டுங்கள்.

எடை முதலில் குறையும். பிறந்த எடையில் 7 சதவீதம் வரை குறைவது சகஜம். 10 சதவீதத்தை நெருங்கினால் டாக்டர் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். அழுகையை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள்.

ரெண்டாம் ராத்திரி பூரா அழுது. எடுத்தா குடிக்குது, கீழ போட்டா கத்துது. பால் இல்லன்னுதானே அர்த்தம்?

இல்லை. முதல் நாள் தூங்கிக் கழித்த குழந்தை இரண்டாம் இரவில் விழித்துக்கொண்டு, விட்டு விட்டு மணிக்கணக்கில் சப்பும். பாலைப் பெருக்கச் சொல்லி உடம்புக்கு அது கொடுக்கிற ஆர்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பால் ஊற வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனும் இரவில்தான் அதிகம். அந்த ராத்திரியைத் தாண்டிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. கூட இருப்பவர் பவுடர் டப்பா வாங்க ஓடுவதற்குப் பதிலாகக் குழந்தையைக் கொஞ்ச நேரம் தோளில் போட்டுக்கொண்டு தாயைத் தூங்க விடலாம். துணியில் ஈரம் மேலே சொன்ன கணக்குப்படி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எங்களுது அழவே மாட்டேங்குது, தூங்கிக்கினே கீது. எழுப்பணுமா?

எழுப்ப வேண்டும். முதல் நாட்களில் மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். சுற்றியிருக்கும் துணியை அவிழ்த்து, உள்ளங்காலைத் தேய்த்து, வெறும் உடம்போடு நெஞ்சில் போடுங்கள். அப்படியும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, பால் குடிப்பதை நிறுத்திவிட்டாலோ, உடம்பு ஜில்லிட்டாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

சப்பும்போது உயிர் போற மாதிரி வலிக்குது. இப்படித்தான் இருக்குமா?

முதல் சில நொடி சுருக்கென்று இருக்கலாம். தொடர்ந்து வலித்தால் குழந்தை காம்பை மட்டும் கடித்துக்கொண்டிருக்கிறது. வாய் நன்றாகத் திறந்து, கருவளையத்தின் பெரும்பகுதி உள்ளே போக வேண்டும். தாடை மார்பில் ஒட்டி, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும். சரியாக இல்லையென்றால் இழுத்துப் பிடுங்காமல், சுண்டு விரலைக் குழந்தையின் வாயோரத்தில் நுழைத்து விடுவித்து, மறுபடி வையுங்கள். குனிந்து மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகாதீர்கள், குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். பாதிப் பேரின் முதுகுவலிக்கும் அப்படிக் குனிவதுதான் காரணம்.

காம்பு உள்ளுக்குப் போயிருக்கு. நான் பால் குடுக்க முடியாதா?

முடியும். குழந்தை சப்புவது கருவளையத்தை, காம்பை அல்ல. வார்டில் நர்சம்மா ஒரு 10 மில்லி சிரிஞ்சின் ஊசி மாட்டும் முனையை வெட்டி, தள்ளுகட்டையை வெட்டின பக்கமாகச் சொருகி, வழவழப்பான பக்கத்தைக் காம்பின் மேல் வைத்து மெதுவாக இழுக்கச் சொல்லித் தருவார். பால் கொடுப்பதற்குச் சற்று முன்னால் அப்படிச் செய்தால் காம்பு வெளியே வரும். வலிக்கிற அளவுக்கு இழுக்கக் கூடாது.

சேனை தொட்டு வைக்கிறது எங்க வழக்கம். ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணிதானே?

எங்க வீட்ல பேரீச்சம்பழம் தொட்டு வைப்போம். அதுவும் கூடாதா?

இரண்டுக்கும் ஒரே பதில். மருத்துவப்படி, பிறந்த குழந்தையின் வாய்க்குள் தாய்ப்பாலைத் தவிர எதுவும் போக வேண்டியதில்லை. 'நல்லவர் கையால் தொட்டு வைத்தால் அவர் குணம் வரும்' என்ற ஆசை எனக்குப் புரிகிறது. அந்தப் பெரியவரின் கையால் குழந்தையை எடுத்துத் தாயின் மார்பில் வைக்கச் சொல்லுங்கள், அதுவே சேனையாகட்டும். ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்துக் குடும்பங்கள் பேரீச்சையை விட முடியாது என்றால், முதலில் சீம்பால் குடித்து முடிக்கட்டும். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வாயில் மென்று கொடுப்பதும் துண்டாக வைப்பதும் ஆபத்து. தேன் ஒரு வயது வரை எந்த ரூபத்திலும் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சிசுவின் நரம்புகளையே முடக்கிவிடும்.

கத்திரி வெயில்ல பொறந்த கொழந்தை. நாக்கு வறண்டுடாதா, தண்ணி குடுக்க வேணாமா?

40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலிலும் வேண்டாம். தாய்ப்பாலில் சுமார் 88 சதவீதம் தண்ணீர்தான். தனியாகத் தண்ணீர் கொடுத்தால் வயிறு நிறையும், பால் குறையும், உடம்பில் உப்பின் அளவு இறங்கும், கிருமியும் போகும். வெயிலுக்குச் செய்ய வேண்டியது வேறு: அடிக்கடி பால், மெல்லிய பருத்தித் துணி, காற்றோட்டம். ஃபேன் போடலாம். மே மாதத்தில் ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுச் சுற்றிவைத்துவிட்டு 'உடம்பு சுடுது' என்று தூக்கிக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மஞ்சக்காமாலைக்கு கழுதைப் பால் குடுத்தா நல்லதாமே? தெருவுல வித்துக்கினு போறாங்க.

காமாலையைக் கழுதைப் பால் குணமாக்காது. காய்ச்சாத பால், கழுவாத சங்கு, குழந்தையைப் படுக்கவைத்து வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும் அபாயம் வேறு. இரண்டாம் மூன்றாம் நாளில் லேசான மஞ்சள் நிறையக் குழந்தைகளுக்கு வரும். மலத்தோடுதான் அந்த மஞ்சள் வெளியேறும், அதற்குச் சீம்பால் அடிக்கடி போக வேண்டும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலோ உடனே ஆஸ்பத்திரி. நீல விளக்கு வைக்கச் சொன்னால் வையுங்கள். காலை வெயில் அதற்கு ஈடாகாது.

பத்தியம்னு சொல்லி எனக்குத் தண்ணியே குடுக்க மாட்டேங்கிறாங்க. நான் தண்ணி குடிச்சா குழந்தைக்குச் சளி பிடிக்குமா?

பிடிக்காது. தாகத்துக்குக் குடியுங்கள். பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட ஒரு நாளைக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவை. அரைவயிற்றுப் பத்தியத்துக்கு இங்கே இடமில்லை. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு எல்லாம் நல்ல சாப்பாடு, சாப்பிடுங்கள். ஆனால் பாலைப் பெருக்குவது முதலில் குழந்தை சப்புவது, அப்புறம்தான் புட்டு.

மூணாம் நாள் மாரு கல்லு மாதிரி ஆயிடுச்சு. காய்ச்சல் வேற. இன்னா பண்றது?

பால் கட்டிக்கொண்டது. கொடுப்பதற்கு முன் வெந்நீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் வைத்து, மேலே சொன்னபடி கையால் சிறிது பீச்சி கருவளையத்தை மெத்தென்று ஆக்குங்கள். இறுகிய மார்பைக் குழந்தையால் வாயில் பிடிக்க முடியாது. கொடுத்தபின் குளிர்ந்த துணி வைத்தால் வீக்கம் அடங்கும். முரட்டுத்தனமாகத் தேய்த்து நீவ வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் சிவந்து, தொட்டால் சுட்டு, குளிர் காய்ச்சல் வந்தால் டாக்டரைப் பாருங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் சீழ் கட்டும்.

பால் கட்டினா மாருல மல்லிப்பூ வெச்சுக் கட்டினா சரியாயிடும்னு சொல்றாங்களே?

பால் கொடுக்க நினைப்பவர்கள் செய்யாதீர்கள். இது பால் கட்டைக் கரைக்கும் வைத்தியம் அல்ல, பாலையே வற்ற வைப்பது. வெறும் பேச்சும் இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதை ஆராய்ந்து 1988-ல் கட்டுரையே வெளியிட்டிருக்கிறார்கள். தொடுத்த மல்லிகையை மார்பில் ஒட்டியபோது, பாலை நிறுத்தக் கொடுக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரையைப் போலவே பால் அடங்கியது, புரோலாக்டினும் இறங்கியது. குழந்தையை இழந்த தாய்க்கு உதவும் பழக்கம் அது. தலையில் பூ வைப்பது வேறு விஷயம், அதை அவர்கள் ஆராயவில்லை. தாராளமாக வையுங்கள்.

சீம்பால்ல ரத்தம் கலந்த மாதிரி துருக் கலர்ல வருது.

முதல் பிரசவத்தில் சிலருக்கு அப்படி வரும். மார்பில் புதிதாக ரத்த ஓட்டம் கூடுவதால் வருவது, சில நாளில் தானே தெளியும். குழந்தைக்குக் கொடுக்கலாம். ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது காம்பு வெடித்துப் புண்ணாகியிருந்தால் காட்டுங்கள்.

நான் பீடி சுத்துறவ. பால் குடுக்கலாமா?

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் இதைக் கேட்காத நாளே கிடையாது. கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். ஆனால் புகையிலைத் தூள் கையிலும் புடவையிலும் ஒட்டும், தோல் வழியாகக் கொஞ்சம் உடம்புக்குள்ளும் போகும். முடிந்தவரை வேலையைத் தள்ளிப்போடுங்கள். சுற்றியே ஆக வேண்டுமென்றால் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அதே மடியில் குழந்தையைப் போடாதீர்கள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, புடவையை மாற்றிக்கொண்டு கொடுங்கள். குழந்தை தூங்கும் அறையில் புகையிலை மூட்டை வேண்டாம்.

எனக்கு காய்ச்சல், பக்கத்து பெட்காரிக்கு டி.பி., இன்னொருத்தருக்கு மஞ்சக்காமாலை பி. யாரெல்லாம் குடுக்கக் கூடாது?

சாதாரணக் காய்ச்சலில் கொடுக்கலாம். டி.பி.க்கு மாத்திரை எடுப்பவரும் டாக்டர் சொல்கிறபடி கொடுக்கலாம், குழந்தைக்கும் தடுப்பு மருந்து உண்டு. தாய்க்கு ஹெபடைடிஸ் பி இருந்தால் குழந்தைக்கு 12 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தடுப்பூசியும் போட வேண்டும், பால் கொடுக்கத் தடையில்லை. எச்.ஐ.வி. உள்ளவர் அந்தக் கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்தை விடாமல் எடுத்துக்கொண்டு தாய்ப்பால் மட்டும் கொடுக்கலாம். அதோடு பவுடரையும் கலந்து கொடுப்பதுதான் அதிக ஆபத்து. புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள் மட்டும் முதலில் டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும்.

கொழந்தையோட மாரு வீங்கி அதுலயும் பால் வருது. பீச்சி எடுத்துடணும்னு சொல்றாங்க.

தொடவே வேண்டாம். தாயின் ஹார்மோன் குழந்தைக்குப் போனதால் வருவது. ஆண் குழந்தைக்கும் வரும், தானே வற்றும். பீச்சினால் புண்ணாகிச் சீழ் பிடிக்கும்.

குறை மாசம், இன்குபேட்டர்ல வெச்சிருக்காங்க. இப்போ பீச்சி இன்னா பிரயோஜனம்?

அந்தக் குழந்தைக்குத்தான் சீம்பால் எல்லாரையும்விட அதிகம் தேவை. பிறந்த சில மணி நேரத்திலேயே பீச்ச ஆரம்பித்து, இரவிலும் விடாமல் ஒரு நாளில் எட்டுத் தடவையாவது பீச்சுங்கள். அரை மில்லி வந்தாலும் சிரிஞ்சில் எடுத்து நர்சம்மாவிடம் கொடுங்கள், குழந்தையின் கன்னத்து உட்புறத்தில் தடவக்கூட அது போதும். கொஞ்சம் தேறியதும் பாலாடையில் கொடுப்பார்கள். நம் வீட்டுச் சங்கு மாதிரியே மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்தான் அது. தலையைத் தூக்கிப் பிடித்து, மூக்கை உதட்டோரத்தில் வைத்து, குழந்தை விழுங்க விழுங்கச் சாய்க்க வேண்டும். பாட்டிலைவிடக் கழுவ எளிது.

அப்போ பவுடர் பாலே குடுக்கக் கூடாதா?

சில நேரம் தேவைப்படும். குழந்தையின் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, பீச்சிய பாலும் போதாமல் போகலாம். தாய்க்குச் சர்க்கரை இருந்தால், குறை எடையில் பிறந்தால் இந்த ஆபத்து கூடுதல். எடை 10 சதவீதத்துக்கு மேல் இறங்கலாம். தாய் ஐ.சி.யு.வில் இருக்கலாம். அப்போது டாக்டர் எழுதிக் கொடுத்தால் குற்ற உணர்ச்சி இல்லாமல் கொடுங்கள். கடைக்காரரோ சொந்தக்காரரோ சொல்வது டாக்டர் சீட்டு ஆகாது. சிசுவுக்கான பவுடரை விளம்பரம் செய்வதும் இலவச சாம்பிள் கொடுப்பதும் 1992-ல் வந்த சட்டப்படி இந்தியாவில் குற்றம்.

கொடுக்கிற நாட்களிலும் முதலில் மார்பு, அப்புறம் பீச்சிய பால், கடைசியில்தான் பவுடர். பாட்டில் வேண்டாம், பாலாடையோ ஸ்பூனோ போதும். பவுடர் கொடுத்த ஒவ்வொரு வேளைக்கும் தாய் ஒரு தடவை பீச்ச வேண்டும். எப்போது நிறுத்தலாம் என்பதையும் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் அன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நடு ராத்திரியில் சந்தேகம் வந்தால் அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.